தொண்டு நிறுவனத்துக்கு நீண்டகாலத் திட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறக்கட்டளைகளும் சங்கங்களும் தங்கள் பணியை நீண்டகால நோக்கில் திட்டமிடுவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைப் பற்றியவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் விருப்பப்படி அவர்களுடைய பெயரும் நிறுவனத்தின் பெயரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் 12 ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. இப்போது 14 மையங்கள் இருக்கின்றன. ஒரு தொழில் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து, இளைஞர்களுக்குத் தையல் மற்றும் கணினிப் பயிற்சி நடத்தப் பணம் தர முன்வந்திருக்கிறது. விண்ணப்பத்துடன் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றையும் இணைக்கச் சொல்கிறார்கள். வரும் பணத்தை விடக் கூடாது என்று அறங்காவலர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிடலாமா? (அறக்கட்டளைச் செயலாளர், விழுப்புரம்)

பதில்: நிரப்பிக் கொடுத்தால் அந்த நிறுவனம் ஒருவேளை திருப்தி அடையலாம். ஆனால் உங்கள் முன் இருக்கும் கேள்விக்கு அந்தப் படிவத்தில் விடை இருக்காது. பணம் தருபவர் கேட்டார் என்பதற்காக எழுதப்படும் திட்டங்களைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை விண்ணப்பத்தோடு போய், அதன் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. அறங்காவலர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க உதவும் ஆவணமே உங்களுக்கு இன்று தேவை. அதை நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

எழுதுவதை எதிர்காலத்திலிருந்து தொடங்காமல் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஆடிட்டர் தயாரித்துக் கொடுத்த வரவுசெலவுக் கணக்கில் சம்பளம், வாடகை, பயணம் என்று தலைப்பு வாரியாக மட்டுமே செலவு காட்டப்பட்டிருக்கும். அதை மையம் வாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு மாத மதிப்பூதியம், அறை வாடகை, மின்கட்டணம், மாலையில் கொடுக்கும் சுண்டல், நோட்டுப் புத்தகம், மேற்பார்வையாளரின் வண்டிக்குப் பெட்ரோல் என ஒவ்வொன்றும் அந்தந்த மையத்தின் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு மையத்துக்கும் ஆகும் மொத்தச் செலவைப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்காமல், விழாவோ விருந்தினரோ இல்லாத ஒரு சாதாரண வியாழக்கிழமை மாலை உண்மையில் வந்து உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். (வருகைப் பதிவேட்டில் ஒரு மாதம் முழுவதும் ஒரே மையில், ஒரே வேகத்தில் டிக் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.) இந்தக் கணக்கை முடித்தால் சில மையங்கள் நன்றாக ஓடுவதும், சில மையங்கள் பழக்கத்தால் மட்டும் திறக்கப்படுவதும் தெரியவரும். மூடுவதா, இடம் மாற்றுவதா, நன்றாக ஓடும் மையத்தின் ஆசிரியரை மற்றவர்களுக்குப் பயிற்சி தர அனுப்புவதா என்பவையே உங்கள் திட்டத்தின் முதல் கேள்விகள்.

அடுத்து, எதனால் எது நடக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதை மறைக்காமல் எழுதுங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் மையத்தில் இருந்தால் பிள்ளை சரளமாகப் படிக்கும், அப்படிப் படித்தால் பள்ளியை இடையில் விடாது என்பது உங்கள் நம்பிக்கையானால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா என்று ஆண்டுக்கு இரு முறை உட்கார்த்தி வைத்துப் பார்க்காமல் அந்த நம்பிக்கை சரியா தவறா என்று உங்களுக்கே தெரியாது. 12 ஆண்டுகளில் இதை ஒரு முறைகூடச் செய்யவில்லை என்றால், புதிய பயிற்சி வகுப்பைத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இப்போது அந்தப் பணத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு குறைந்தது 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் குறைந்தது 1,000 கோடி ரூபாய் அல்லது நிகர லாபம் குறைந்தது 5 கோடி ரூபாய் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் செலவை வெளி அறக்கட்டளை வழியாகச் செய்வதானால், அந்த அறக்கட்டளைக்கு அதே வகையான பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. படிப்பு மையம் நடத்திய அனுபவம் தையல் பயிற்சிக்கு அனுபவமாகக் கொள்ளப்படுமா என்பதை அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். மேலும், பல ஆண்டுகள் நீடிக்கும் சி.எஸ்.ஆர். திட்டங்களுக்குத் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே வரம்பு. ஆகவே அந்தக் காலம் முடிந்தபின் அந்தத் தையல் ஆசிரியருக்கு யார் சம்பளம் தருவார்கள் என்பதற்கான விடையும் உங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள நோக்கங்களுக்குள் தொழிற்பயிற்சி வருகிறதா? வராவிட்டால், பத்திரத்தைத் திருத்த அதிலேயே அதிகாரம் தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்தினால், வருமான வரித் துறையில் பெற்ற பதிவுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். அதற்குரிய காலம் 30 நாட்கள்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பயிற்சி நடத்துவது சரியென்று தோன்றினால் தாராளமாக நடத்துங்கள். என் கருத்தைக் கேட்டால், அந்த நிறுவனத்திடம் சென்று, எங்கள் மையங்களில் வாசிப்பு மதிப்பீடு நடத்தவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் நிதி தருவீர்களா என்று முதலில் கேட்பேன். பணம் தருபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாக வளைந்து கொடுப்பார்கள். யாரும் கேட்காததால்தான் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு வாசகத்தை எழுத மூன்று கூட்டங்கள் நடத்திவிட்டோம். இன்னும் ஒரு சொல்லில் உடன்பாடு வரவில்லை. என்ன செய்வது? (நிர்வாகக் குழு உறுப்பினர், திருச்சி)

பதில்: நான்காவது கூட்டத்தை நடத்தாதீர்கள். வாசகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அது எதை விலக்குகிறது என்பதே முக்கியம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட இலக்கு, தவிர்க்கக்கூடிய பார்வையின்மையை ஒழிப்பது. "தவிர்க்கக்கூடிய" என்ற அந்த ஒரு சொல், எந்த நோய்க்கு முதலிடம் என்பதைத் தீர்மானித்துவிட்டது. ஓர் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பக்கூடிய கண்புரைதான் பணியின் மையம் ஆயிற்று. மருத்துவரின் நேரமே கிடைத்தற்கரியது என்பதால், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, அறுவை சிகிச்சை தவிர்த்த பெரும்பாலான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டாததால், 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே உற்பத்தியைத் தொடங்கினார்கள். கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவச சிகிச்சை நடக்கிறது. உங்கள் குழுவில் விவாதத்துக்கு வந்திருக்கும் இரண்டு சொற்களில் எதை வைத்தாலும் நாளைய வேலை மாறாது என்றால், சீட்டுப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போங்கள்.

கேள்வி: நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். எங்கள் திட்டத்தை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், சென்னையில் ஓர் ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் போட்டுத் தயாரித்தார். எங்களில் யாரையும் அழைக்கவில்லை. இப்போது மாதத்துக்கு இத்தனை மகளிர் கூட்டம், இத்தனை வீட்டுச் சந்திப்பு என்று இலக்கு மட்டும் வருகிறது. எண்ணிக்கையை முடித்துவிடுகிறோம், ஊரில் ஒன்றும் மாறவில்லை. இதை மேலே எப்படிச் சொல்வது? (களப்பணியாளர், தர்மபுரி மாவட்டம்)

பதில்: உங்களுடைய கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை அப்படியே சொல்லலாம். அதற்குத் துணையாக ஒரு வரலாற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

வங்கதேசம் விடுதலை பெற்ற கையோடு, 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் அமைப்பு, போரில் சிதைந்த சுல்லா பகுதியில் நிவாரணப் பணியில் இறங்கியது. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவதைத் தடுக்க, உப்பும் வெல்லமும் கரைத்த நீரை வீட்டிலேயே தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத்தருவது என்று பின்னர் முடிவு செய்தார்கள். மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், இவ்வளவுதான் பாடம். பணியாளர்களான பெண்கள் வீடு வீடாகச் சென்று சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்ற கணக்கை வைத்துக்கொண்டு கூலி கொடுத்திருந்தால், உங்கள் நிறுவனத்தைப் போலவே எண்ணிக்கை மட்டும் நிறைந்திருக்கும். அவர்கள் வேறு வழியைக் கண்டார்கள். சில வாரங்கள் கழித்து, கற்ற தாய்மார்களில் ஒரு பகுதியினரைத் திடீரெனத் தேர்ந்தெடுத்து வேறொரு குழு சந்தித்தது. பாடத்தின் எந்தெந்தப் பகுதிகள் நினைவில் இருக்கின்றன என்று கேட்டு, கரைசலைச் செய்துகாட்டச் சொன்னது. தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ அதற்கேற்பக் கற்றுத்தந்தவரின் ஊதியம் கூடியது அல்லது குறைந்தது.

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தாய்மார்களுக்குப் பாடம் நன்றாக நினைவிருந்தும், குழந்தைக்கு நோய் வந்தபோது அந்தக் கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே என்று ஆய்வில் தெரிந்தது. ஏன் என்று களத்தில் விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களே தங்கள் வீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை, அதில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்று வெளிப்பட்டது. குடும்பத்து ஆண்களை இந்த முயற்சியில் சேர்க்காமல் விட்டதும் ஒரு காரணமாக இருந்தது. ஆகவே அந்தக் கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பணியாளர்களுக்கு முதலில் விளக்கினார்கள். ஊர்க்கூட்டங்களிலும் கடைத்தெருவிலும் ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். 1980 முதல் 1990 வரை நடந்த அந்தப் பணி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்தது.

இதில் தலைமையகத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கக் கூடியது ஒன்றுமில்லை. பணியாளரின் மனத்தில் நம்பிக்கை இல்லை என்பது எந்த ஓட்டல் கூட்டத்திலும் வெளிப்பட்டிருக்காது. உங்கள் நிறுவனத்திடம் இரண்டே இரண்டு கோரிக்கைகளை வையுங்கள். முதலாவது, மாதாந்திர அறிக்கையில் எண்ணிக்கைக்குக் கீழே, "இந்த மாதம் எது பலிக்கவில்லை, ஏன்" என்று எழுத ஓர் இடம் விட வேண்டும். அதில் எழுதியதற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தைப் பரிசீலிக்கும் கூட்டம் களப்பகுதியிலேயே நடக்க வேண்டும். அதில் முதல் நாள் முழுவதும் களப்பணியாளர்களும் மகளிர் குழுத் தலைவிகளும் பேச, இயக்குநர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆலோசகர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும், மனஸ்தாபம் வராமல் கேள்வி கேட்கவும் வெளியாள் ஒருவர் இருப்பது நல்லதுதான். எதைச் செய்வது என்ற முடிவையும் அவரிடமே விட்டுவிடுவதில்தான் கோளாறு.

கேள்வி: எங்கள் சங்கத்தில் நான் பொருளாளர். மூன்று மாதச் சம்பளத்துக்காவது சேமிப்பு வேண்டும் என்று திட்டத்தில் எழுதினேன். வரும் பணத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்பதால் சேமிக்க முடியாது என்கிறார் தலைவர். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறார். இவை சரியா? (பொருளாளர், கோயம்புத்தூர்)

பதில்: முதலாவது கருத்து பாதி மட்டுமே சரி. வரிவிலக்குப் பெற்ற நிறுவனம் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மீதி 15 சதவீதத்தை எந்தக் காரணமும் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம்; ஆண்டுதோறும் இதை ஒழுங்காகச் சேர்த்துவந்தால் மூன்று மாதச் சம்பளம் எட்டாத தொகை அல்ல. அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமானால், இன்ன நோக்கத்துக்காக என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்து, அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் வைத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த நோக்கத்துக்கே செலவிடலாம். செலவிடாவிட்டால் வரி கட்ட நேரும். நன்கொடையாளர் மூலதன நிதிக்கென்று எழுதிக் கொடுக்கும் தொகை இவற்றிலிருந்து வேறு. அதற்குத் தனி முதலீடும் தனிக் கணக்கும் வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விதி. சி.எஸ்.ஆர். விதிகளில் வரும் 5 சதவீத வரம்பு, பணம் தரும் நிறுவனம் தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. உங்கள் திட்டத்துக்கென்று வேலை செய்பவர்களின் சம்பளமும் கண்காணிப்புச் செலவும் திட்டச் செலவிலேயே சேரும். வெளிநாட்டு நன்கொடைக்கு உள்ள வரம்போ வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிட முடியாது. முன்பு அது 50 சதவீதமாக இருந்தது. அதே திருத்தம், அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் முற்றாகத் தடை செய்தது. பெரிய நிறுவனத்திடமிருந்து பிரித்து வாங்கி வேலை செய்துவந்த சிறிய சங்கங்கள் அடிவாங்கியது இதனால்தான். உங்கள் வருமானத்தில் அப்படி வந்துகொண்டிருந்த பகுதி ஏதேனும் இருந்தால், அது திரும்ப வரும் என்று எண்ணித் திட்டம் எழுதாதீர்கள்.

கணக்குக் கேட்பவர்களுக்குப் பயந்து வாடகை, ஆடிட்டர் கட்டணம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றைத் திட்ட மதிப்பீட்டில் காட்டாமல் விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தச் செலவு காட்டாததால் இல்லாமல் போவதில்லை. பெரும்பாலும் ஓர் ஊழியரின் இரண்டு மாதச் சம்பளப் பாக்கியாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு திட்ட மதிப்பீட்டிலும் அதன் பங்கை வெளிப்படையாகக் காட்டுங்கள். தரமுடியாது என்று சொல்பவரிடம், அப்படியானால் வேலையின் எந்தப் பகுதியைக் குறைக்கலாம் என்று கேளுங்கள்.

திட்டத்தின் காலஅட்டவணையில் பதிவுகள் காலாவதியாகும் தேதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரமும் (பழைய சட்டத்தில் 80ஜி) ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இவற்றைத் தவறவிட்டு, நல்ல திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வாங்க முடியாமல் நிற்கும் நிறுவனங்கள் உண்டு.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயை மீட்பதற்காக 9 ஆண்டுகளுக்கு முன் இளைஞர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கினோம். ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, வரத்துக்கால்வாய் தூர்வாரப்பட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கண்மாய் நிறைகிறது. வங்கியில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அடுத்த திட்டமாக நூலகம், கபடிப் போட்டி, ரத்த தானம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? (சங்க உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: முதலில் வாழ்த்துகள், இப்படி ஒரு கேள்வியை எழுதும் வாய்ப்பு மிகச் சில சங்கங்களுக்கே வாய்க்கிறது.

அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க, 1938இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மக்கள் அனுப்பிய பத்து சென்ட் நாணயங்களால் (ஆங்கிலத்தில் ‘டைம்’) பிற்பாடு மார்ச் ஆஃப் டைம்ஸ் என்றே பெயர் பெற்ற அமைப்பு அது. அதன் நிதியுதவியோடு ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பயனளிக்கிறது என்று 1955இல் அறிவிக்கப்பட்டபோது, தொடங்கிய நோக்கம் நிறைவேறும் தறுவாய்க்கு வந்துவிட்டது. நாடெங்கும் கிளைகளும், நிதி திரட்டிப் பழகிய தொண்டர்களும் அந்த அமைப்பிடம் இருந்தார்கள். கலைத்துவிடலாம் என்ற யோசனையை ஏற்காமல், 1958இல் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணிக்குத் திரும்பினார்கள். குழந்தைகளின் உடல்நலம், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி என்று, கைவந்த திறமை அப்படியே பயன்படும் துறையாக அது இருந்ததால் அந்த மாற்றம் நிலைத்தது.

உங்கள் சங்கத்துக்குக் கைவந்தது என்ன என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நில ஆவணம் வாங்கி எல்லையைக் கண்டறிவது, தாலுகா அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் (முன்பு பொதுப்பணித் துறை) மனு எழுதிப் பின்தொடர்வது, ஆக்கிரமித்தவர்களிடம் ஊர்ப்பெரியவர்களை வைத்துப் பேசுவது, பொக்லைன் வாடகைக்கு வீடு வீடாக வசூலிப்பது. நூலகத்துக்கோ கபடிக்கோ இவற்றில் எதுவும் தேவைப்படாது. அவற்றை நடத்த விரும்பும் இளைஞர்கள் தனியாக நடத்தட்டும். பக்கத்து ஊர்களின் கண்மாய்க்கு இந்த அனுபவம் அப்படியே பொருந்தும். தவிர, உங்கள் கண்மாயின் வேலையும் முடிந்துவிடவில்லை. மடையைப் பழுதுபார்ப்பது, கருவேலம் மீண்டும் முளைக்காமல் பார்ப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது ஆகியவை ஆண்டுதோறும் வரும் வேலைகள். நீர்ப்பாசன மேலாண்மைக்கு விவசாயிகளைச் சேர்த்து அமைக்கும் சங்கங்களுக்குத் தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று விசாரித்து, பராமரிப்பை ஆயக்கட்டு விவசாயிகளின் (கண்மாயால் பாசனம் பெறுபவர்களின்) பொறுப்பில் விட முடியுமானால் விட்டுவிடுங்கள்.

அப்படி விட்டபின் பக்கத்து ஊர்களுக்குப் போக ஆளும் மனமும் இல்லை என்றால், சங்கத்தைக் கலைப்பதும் முறையான முடிவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் தெரிவித்து, கையிருப்பை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளாமல் இதே நோக்கமுள்ள இன்னொரு பதிவுபெற்ற அமைப்புக்கு மாற்ற வேண்டும். வருமான வரி விலக்குப் பதிவு உங்களிடம் இருந்தால், வேறு பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்குச் சொத்தை உரிய காலத்தில் மாற்றாதபோது அதன் மதிப்பின்மேல் வரி விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. எனவே கலைக்கும் தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பே, பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்பதை அந்த அமைப்பின் ஒப்புதல் கடிதத்தோடு உறுதி செய்துகொள்ளுங்கள்.